ரோஜா இலை மஞ்சளாகி உதிர்கிறது: எந்த மருந்து அடிப்பது?

கேள்வி, பிப்ரவரி 4
நான்கு வயதுச் செடி. அடியிலைகள் மஞ்சளாகி, புள்ளி விழுந்து, தொட்டாலே உதிர்கின்றன. மேங்கோசெப் இரண்டு முறை தெளித்தேன், நிற்கவில்லை. இதைவிட வீரியமான மருந்து எது? சுருக்கமாகச் சொன்னால் போதும்.

பிப்ரவரி 4, மாலை
கரும்புள்ளி நோய். சந்தேகமே வேண்டாம். டிப்ளோகார்பன் ரோசே என்ற பூஞ்சையின் வேலை. அடியிலையில் தொடங்கி மேலே ஏறும், புள்ளியைச் சுற்றி மஞ்சள் படரும், பிறகு இலை உதிரும். மூன்றும் நீங்கள் சொன்னதில் இருக்கின்றன. உதிர்ந்ததைப் பொறுக்கி அப்புறப்படுத்துங்கள். செடியடியில் ஒரு சருகுகூடக் கிடக்கக் கூடாது, பூஞ்சை அதில் உட்கார்ந்துதான் அடுத்த ஈரத்துக்குக் காத்திருக்கும். இலை நனையாமல் வேரில் மட்டும் நீர் ஊற்றுங்கள். உட்பக்கம் நெருங்கிய கிளைகளைக் கவாத்து செய்து காற்றுக்கு வழிவிடுங்கள்.

பிப்ரவரி 4, இரவு
ஒன்று விட்டுப்போயிற்று. மேங்கோசெப் காப்பு மருந்து. இலைமேல் படிந்திருந்து, வந்து விழும் பூஞ்சை வித்தை முளைக்கவிடாமல் தடுக்கும். உள்ளே புகுந்துவிட்டதை அது தொடாது. இன்று கண்ணில் படும் புள்ளி சில நாட்களுக்கு முன்பே, சில சமயம் இரண்டு வாரத்துக்கு முன்பே தொற்றியது. அதனால் தெளித்த பிறகும் புதுப்புள்ளிகள் கொஞ்ச நாள் வந்துகொண்டுதான் இருக்கும். மருந்து தோற்றுவிட்டது என்று அடுத்த புட்டிக்குத் தாவுகிறோம். என் அலமாரியில் அப்படித் தாவி வாங்கிய புட்டிகள் ஒரு வரிசை நிற்கின்றன.

பிப்ரவரி 6
கேட்டவர் மேலும் விவரம் தந்திருக்கிறார். புள்ளி கறுப்பு இல்லையாம். ஊசியால் குத்தியது போல வெளிறிய பொடிப்புள்ளி, ஓர் இலைக்கு நூற்றுக்கணக்கில். மழை பார்த்து ஐந்து வாரம் ஆகிறதாம். செடி நிற்பது வெயில் அடிக்கும் சுவரை ஒட்டி.

"சந்தேகமே வேண்டாம்" என்று எழுதியவனை என்ன சொல்லித் திட்டுவது என்று தெரியவில்லை.

கரும்புள்ளியின் வித்து முளைத்து இலைக்குள் நுழைய, இலை தொடர்ந்து ஏழு மணி நேரமாவது நனைந்திருக்க வேண்டும். ஐந்து வாரமாக வறண்ட காற்றில், சுவரின் அனலில் நிற்கும் செடியில் அதற்கு ஏது வழி? புள்ளி என்ன நிறம், மழை உண்டா, இலையின் எந்தப் பக்கம் என்று எதையும் கேட்காமல் தீர்ப்பு எழுதிவிட்டேன். கரும்புள்ளியாக இருந்தால் கறுப்பு வட்டம், அரை விரல் அகலம்வரை, ஓரம் மட்டும் மை ஊறிய காகிதம்போலப் பிசிறடித்து இருக்கும். அந்தப் பிசிறுதான் முக்கிய அடையாளம். 4ஆம் தேதி எழுதியதில் சருகு பொறுக்கும் வேலை மட்டும் அப்படியே இருக்கட்டும், அதனால் யாருக்கும் நட்டமில்லை.

இப்போது என் ஊகம் செம்பேன். ஊகம்தான். உறுதி செய்ய ஒரு வெள்ளைத் தாள் போதும். கிளைக்கு அடியில் அதைப் பிடித்துக்கொண்டு இலையை நான்கு தட்டுத் தட்டுங்கள். விழுந்த தூசியை ஒரு நிமிடம் அசையாமல் பாருங்கள். தூசி நடக்கிறதா?

பிப்ரவரி 7
நடந்ததாம்.

பிப்ரவரி 7, பிற்பகல்
இனி நிதானமாக எழுதுகிறேன், ஏனென்றால் இந்தப் பாடத்துக்கு நான் ஒரு செடியைக் கட்டணமாகக் கொடுத்திருக்கிறேன்.

செம்பேனுக்கு எட்டுக் கால், சிலந்தியின் உறவு. உடல் அரை மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். இலையின் அடிப்பக்கத்தில் குடியிருந்து, திசு அறைகளைக் குத்தி உள்ளிருப்பதை உறிஞ்சும். மேலிருந்து நாம் பார்க்கும் ஒவ்வொரு வெளிறிய புள்ளியும் அப்படிக் காலியான இடம். புள்ளிகள் சேர்ந்து இலை முழுவதும் சாம்பல் கலந்த மஞ்சளாகி உதிரும். தூரத்திலிருந்து பார்த்தால் கரும்புள்ளி தாக்கிய செடியின் அதே மெலிந்த தோற்றம். நல்ல வெயிலில் முட்டையிலிருந்து வளர்ந்த பேனாக ஒரு வாரம்தான் ஆகும். ஆகவே திங்கட்கிழமை பத்து இருந்தால் அடுத்த வாரம் எண்ண முடியாது.

சில ஆண்டுகளுக்கு முன் என் சிவப்பு ரோஜாவுக்கு இது வந்தது. பேன் என்று சரியாகவே கண்டுபிடித்தேன், அதுவரை பெருமைப்படலாம். பிறகு பைரித்ராய்டு வகைப் பூச்சிக்கொல்லியைத் தெளித்தேன். மூன்றாவது முறை தெளித்து முடித்த வாரத்தில் மொட்டுகளைச் சுற்றி நூலாம்படை கட்டியது. தெளிக்கத் தெளிக்கப் பெருகியது. காரணம் எளியது, எனக்குத்தான் பின்னால் தெரிந்தது. செம்பேனைத் தின்று வாழும் வேறு பேன்கள் இலையடியில் உண்டு. பொறிவண்டின் சில வகைகளும் அதைத் தின்னும். மருந்து முதலில் தீர்த்துக்கட்டியது இவர்களை. செம்பேன் அந்த மருந்துக்கு அவ்வளவாக மசியாது. காவலரை எல்லாம் கொன்றுவிட்டுத் திருடனுக்குக் கதவைத் திறந்துவிட்டேன். செடி அந்தக் கோடையைத் தாண்டவில்லை.

கேட்டவருக்கு ஒரு கசப்பான செய்தி: மேங்கோசெப்பும் அந்த நல்ல பேன்களுக்கு ஆகாது. நீங்கள் தெளித்த இரண்டு முறையும் பூஞ்சையே இல்லாத செடியில் காவலரைத்தான் குறைத்திருக்கக்கூடும். இதைவிட வீரியமானது எது என்று கேட்டிருந்தீர்கள்.

தண்ணீர். இலையின் அடிப்பக்கம் படும்படி, கீழிருந்து மேலாகக் குழாயைப் பிடித்து விசையாக அடியுங்கள். அதிகாலையில், இரண்டு மூன்று நாட்களுக்கு ஒரு முறை, இரண்டு வாரம். பேன் கழன்று விழும், பெரும்பாலானவை திரும்பி ஏறா. நூலாம்படை கிழியும், தூசி போகும். முட்டைகள் ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதால்தான் ஒரு நாளோடு விடாமல் திரும்பத் திரும்ப அடிக்கச் சொல்கிறேன். சுவரோரம் என்பதால் வேருக்கும் தாராளமாக நீர் வேண்டும். வாடிய செடியை இந்தப் பேன் விரும்பித் தின்னும்.

பிப்ரவரி 8
"இலை நனையக் கூடாது என்று 4ஆம் தேதி, இலையைக் கழுவு என்று 7ஆம் தேதி. எதை நம்புவது?" நியாயமான கேள்வி. இரண்டையும் நம்பலாம். ஏழு மணி நேரக் கணக்கை நினைவில் வையுங்கள். விடியலில் கழுவினால் வெயில் ஏறியதும் இலை காய்ந்துவிடும், பூஞ்சைக்கு நேரம் போதாது. மாலை ஆறு மணிக்கு நனைத்தால் இரவு முழுக்க ஈரம். அது பூஞ்சைக்கு விருந்து.

பிப்ரவரி 8, மாலை
வெயிலில் நீர்த்துளி பூதக்கண்ணாடி போல இலையைப் பொசுக்கும் என்கிறார் இன்னொருவர். நானும் நெடுநாள் நம்பியதுதான். 2010இல் ஹங்கேரி ஆய்வாளர்கள் இதைச் சோதித்து வெளியிட்டார்கள். வழுவழுப்பான இலையில் படியும் துளியின் குவியம் இலைக்கு அப்பால் விழுவதால் பொசுக்காது. ரோமம் அடர்ந்த இலை துளியை மேலே தூக்கிப் பிடித்திருந்தால் மட்டும் பொசுங்க வாய்ப்பு உண்டு. ரோஜா இலை பெரும்பாலும் வழுவழுப்பு. ஆகவே தூய நீரைப் பற்றிய பயம் வேண்டாம். எண்ணெய் கலந்த நீர் வேறு கதை, கீழே பாருங்கள்.

பிப்ரவரி 12
எண்ணெய்க் கதை. நீரோடு நிறுத்தப் பொறுமையில்லாதவர்களுக்கு வேப்பெண்ணெய்: 5 மி.லி., எண்ணெய் நீரில் கலக்கச் சில துளி சோப்புக் கரைசல். வெயில் தாழ்ந்த பிறகு, இலையடி நனையும்படி. பேன்மேல் படிந்தால்தான் பலன். மேலாகத் தூவிவிட்டு வந்தால் இலை பளபளக்கும், அவ்வளவுதான்.

இதில் நான் செய்த அறிவீனம்: ஒரு முறை கந்தகத்தூள் கரைசல் தெளித்த ஆறாம் நாளே எண்ணெயும் தெளித்தேன், அதுவும் உச்சி வேளையில். இரண்டுக்கும் இடையில் இரண்டு வாரமாவது விட வேண்டும் என்று கந்தகப் பொட்டலத்தில் அச்சடித்திருந்தது. பொட்டலத்தின் பின்பக்கத்தை நான் படித்தது அதற்குப் பிறகு. மறுநாள் காலை இலை முழுக்கப் பழுப்புத் திட்டுகள். புது நோய் வந்துவிட்டது என்று பதறி அதற்கும் மருந்து தேடினேன்! கந்தகம் தனியாகவும் 32 டிகிரிக்கு மேல் வெயில் அடிக்கும் நாளில் இலையைக் கருக்கும்.

அன்று உறைத்த ஒன்று இன்றுவரை எனக்குப் பயன்படுகிறது. நோய் நாளுக்கு நாள் பரவும், ஒவ்வொரு புள்ளிக்கும் ஒவ்வொரு வயது இருக்கும். மருந்துக் கருகல் ஒரே நாளில் எல்லா இடத்திலும் வந்து, அதோடு நின்றுவிடும். பிறகு விரியும் தளிர் சுத்தமாக இருக்கும். இலையில் காயம் பார்த்தால் முதலில், "போன வாரம் நான் இதற்கு என்ன செய்தேன்?" என்று கேட்டுக்கொள்கிறேன். பாதி நேரம் குற்றவாளி நான்தான்.

பிப்ரவரி 13
மேலே எழுதியதற்கு ஒரு திருத்தம். பாதி நேரம் என்பது மிகை. மூன்றில் ஒரு பங்கு.

பிப்ரவரி 19
தளிர் சுருண்டு, மேலே வெள்ளை மாவு பூசியதுபோல் இருக்கிறது, மழையே இல்லை, இதுவும் செம்பேனா என்று ஒரு கேள்வி. இல்லை, இது சாம்பல் நோய். இதுவும் பூஞ்சைதான், ஆனால் கரும்புள்ளிக்கு நேர் எதிரான குணம். ஈர இலை இதற்குத் தேவையில்லை. நீர்ப்படலத்தில் இதன் வித்து முளைக்கவே திணறும். பகல் வெதுவெதுப்பும் இரவு குளிரும் காற்றில் ஈரப்பதமும் சேர்ந்தால் போதும். இளந்தளிரையும் மொட்டுக் காம்பையும்தான் முதலில் பிடிக்கும். முற்றிய இலையை அவ்வளவாகச் சீண்டாது. இப்படிப் பார்த்தால் கரும்புள்ளி கீழிருந்து மேல், சாம்பல் நோய் மேலிருந்து கீழ். செடியின் எந்த மாடியில் தீப்பிடித்தது என்று பார்த்தாலே பாதி விடை வந்துவிடும்.

செய்ய வேண்டியது: மாவு பூத்த நுனிகளைக் கிள்ளி எறியுங்கள், நிழலைக் குறையுங்கள், தழைச்சத்து உரத்தைச் சில வாரம் நிறுத்துங்கள். கொழுகொழு தளிர்தான் இதற்குப் பிடித்த இடம். கந்தகம் நன்றாகக் கேட்கும் (வெயில் எச்சரிக்கை 12ஆம் தேதிக் குறிப்பில்). பொட்டாசியம் பைகார்பனேட்டும் கேட்கும். பால் பற்றிக் கேட்டவருக்கு: ஒரு பங்கு பால், ஒன்பது பங்கு நீர். 1999இல் பிரேசிலிலிருந்து வெளிவந்த ஓர் ஆய்வில் சீமைச் சுரைக்காய்ச் செடியின் சாம்பல் நோய்க்கு இது வேலை செய்தது. ரோஜாவில் நான் தெளித்தபோது நோய் மட்டுப்பட்டது, தோட்டத்தில் மூன்று நாள் புளித்த வாடை. கரும்புள்ளிக்குப் பால் தெளித்துப் பலன் கண்டதில்லை.

சுருண்ட தளிரில் மாவு இல்லாமல் செம்பு நிறம் ஏறி, இலை விளிம்பு தீய்ந்திருந்தால் இலைப்பேனைச் சந்தேகியுங்கள். அதே வெள்ளைத் தாள் சோதனைதான். செம்பேன் தூசி ஊர்ந்தால் இலைப்பேன் சின்னக் கோடாக ஓடும்.

பிப்ரவரி 20
திராட்சைத் தோட்ட வரிசைகளின் முனையில் ரோஜா நடுவது ஏன் என்று எங்கெங்கோ பேச்சுப் போயிருக்கிறது. ரோஜாவுக்குச் சாம்பல் நோய் முதலில் வந்து எச்சரிக்கும் என்பது பழைய விளக்கம். இரண்டையும் தாக்கும் பூஞ்சைகள் வேறு வேறு இனம். ரோஜாவினுடையது திராட்சைக்குத் தாவாது. வானிலை சாதகமானால் இரண்டும் கிளம்பலாம் என்ற அளவில்தான் எச்சரிக்கை. பார்க்க அழகாக இருக்கிறது, அது போதாதா?

பிப்ரவரி 26
ஓட்டை பற்றிய கேள்விகளை ஒரே மூச்சில் முடித்துவிடுகிறேன். இலை ஓரத்தில் பாக்குவெட்டியால் நறுக்கியதுபோல் அரைவட்டம் இருந்தால், அது இலைவெட்டித் தேனீ. கூட்டுக்கு உள்தாள் ஒட்ட எடுத்துப் போகிறது, இலையைத் தின்பதில்லை. மகரந்தச் சேர்க்கைக்கு உதவும் உயிர், விட்டுவிடுங்கள். செடிக்கு ஒன்றும் ஆகாது.

நரம்பை மட்டும் விட்டுப் பச்சையைச் சுரண்டித் தின்று, இலை சல்லடைபோல் கண்ணாடியாகிக் கிடந்தால் ரம்ப ஈயின் புழு. இங்கே பலரும் தடுக்கி விழுகிறார்கள். பார்க்கக் கம்பளிப்புழுவின் தம்பி மாதிரி இருக்கும், ஆனால் வண்ணத்துப்பூச்சிக் கூட்டத்தைச் சேர்ந்ததில்லை, குளவியின் உறவு. அதனால் கம்பளிப்புழுவைக் கொல்லும் பி.டி. (பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ்) என்ற பாக்டீரியா மருந்து இதனிடம் பலிக்காது. வயிற்றுப் பகுதியில் சதைக்கால்களை எண்ணுங்கள். ஐந்து ஜோடிவரை இருந்தால் கம்பளிப்புழு. ஆறு அல்லது அதற்கு மேல் என்றால் ரம்ப ஈ. எண்ணப் பொறுமை இல்லையென்றால் விரலால் எடுத்து நசுக்குங்கள், இரண்டுக்கும் கேட்கும் மருந்து அது.

மார்ச் 3
மஞ்சள். புள்ளியே இல்லாத வெறும் மஞ்சள். இதில் எனக்கு இன்னும் தடுமாற்றம் உண்டு என்பதால் கொஞ்சம் நீளும்.

முதலில் புது இலையா, பழைய இலையா என்று பாருங்கள். புதுத்தளிர் வெளுத்து, நரம்பு மட்டும் பச்சைக் கோடாகத் தெரிந்தால் இரும்புக் குறை. பழைய இலையில் நரம்புகளுக்கு நடுவே மஞ்சள் என்றால் மெக்னீசியம். பழைய இலை நரம்பு உட்பட ஒரே சீராக வெளுத்தால் தழைச்சத்து. செடி தழைச்சத்தையும் மெக்னீசியத்தையும் பழைய இலையிலிருந்து பிடுங்கித் தளிருக்கு ஊட்டும், அதனால் கிழம் முதலில் வாடுகிறது. இரும்பை அப்படி இடம் மாற்ற முடியாததால் பிள்ளை வாடுகிறது.

இவ்வளவும் தெரிந்துகொண்டு நான் என்ன செய்தேன் என்றால், தளிர் வெளுத்த ஒரு செடிக்கு எப்சம் உப்பைக் கரைத்து ஊற்றினேன். அது மெக்னீசியம். தளிர் மேலும் வெளுத்தது. பிறகு இரும்புச் சத்து வாங்கி ஊற்றினேன், பத்து நாள் பச்சை வந்தது, மறுபடி போயிற்று. கடைசியில் மண்ணின் கார அமிலத் தன்மையைச் சோதித்தபோது 8ஐத் தொட்டுக்கொண்டிருந்தது. ரோஜாவுக்கு வேண்டியது 6 முதல் 6.5. மண்ணில் இரும்பு இருந்தது, கார மண் அதைப் பூட்டி வைத்திருந்தது. கந்தகம் கலந்து மண்ணை இறக்கப் பல மாதங்கள் பிடித்தன. நடுவில் ஒன்றைக் கவனித்தேன்: நீர் தேங்கிய வாரங்களில் வெளுப்பு அதிகமானது. மூச்சு முட்டும் வேரும் சத்தை எடுக்காது. ஆகவே மஞ்சளைப் பார்த்ததும் உரப்பையைத் திறக்குமுன் மண்ணில் விரலை விட்டுப் பாருங்கள்.

அடியிலிருந்து இரண்டு மூன்று இலை அவ்வப்போது மஞ்சளாகி விழுவது முதுமை. அதற்கு மருந்து தேடாதீர்கள்.

மார்ச் 4
மஞ்சள் நிறத்தில் மின்னல்கோடு, ஓவியம்போல் வளைவுகள் என்றால் தேமல் வைரஸ். ஒட்டுக் கட்டும்போது தாய்ச்செடியிலிருந்து வருவது. மருந்து கிடையாது. அந்தச் செடியிலிருந்து குச்சி வெட்டி யாருக்கும் கொடுக்காதீர்கள். என்னிடம் அப்படி ஒன்று ஆண்டுக்கணக்காகப் பூத்துக்கொண்டிருக்கிறது.

மார்ச் 11
மழை இறங்கிவிட்டது. இப்போது என் மஞ்சள் ரோஜாவில் அசல் கரும்புள்ளி, பிசிறு ஓரத்தோடு. பக்கத்துச் சிவப்பில் ஒன்றுமில்லை. ஏன் மஞ்சளுக்கு மட்டும் என்பவருக்கு ஒரு கிளைக்கதை. தோட்ட ரோஜாக்களில் அடர் மஞ்சள் நிறம் பெரும்பாலும் பாரசீக மஞ்சள் எனப்படும் பழைய ரோஜாவிலிருந்து வந்தது. பிரான்சின் ஜோசப் பெர்னே டூஷே அதைக் கலப்பினமாக்கி 1900இல் 'சோலேய் டோர்' என்ற வகையை வெளியிட்டார். நிறத்தோடு கரும்புள்ளிக்கு எளிதில் இரையாகும் குணமும் கூடவே வந்து, அதன் வழித்தோன்றல்களில் பரவியது. ஒரு நூற்றாண்டு கழித்து, 2000இல், வில்லியம் ராட்லர் உருவாக்கிய 'நாக் அவுட்' கரும்புள்ளியைத் தாங்கும் குணத்துக்காகவே பேர்வாங்கியது. ஆண்டுதோறும் மருந்தோடு மல்லுக்கட்ட விரும்பாதவர், நடும்போதே தாங்கும் வகையாகப் பார்த்து நடலாம். ருகோசா வகைகளும் திடமானவை. ஆனால் அவற்றின்மேல் கந்தகமோ பூஞ்சைக்கொல்லியோ அடித்தால் இலை கருகும். நோய்க்கு அஞ்சாத செடி மருந்துக்கு அஞ்சுகிறது.

மஞ்சள் ரோஜாவுக்கு நான் செய்தது பிப்ரவரி 4ஆம் தேதி எழுதியதுதான். சருகு, கவாத்து, வேரில் நீர், அடுத்த மழைக்கு முன் காப்பு மருந்து. அன்று நோயாளியைத்தான் மாற்றிவிட்டேன்.

மார்ச் 15
கேட்டவரிடமிருந்து தகவல். ஐந்து முறை கழுவியிருக்கிறார். தாளில் இப்போது விழும் தூசி பெரும்பாலும் தூசிதானாம். பழைய இலையின் புள்ளி மறையவில்லையே என்கிறார். மறையாது. காலியான அறை திரும்ப நிரம்பாது. தளிரைப் பாருங்கள், அதில் புள்ளி இல்லையென்றால் வேலை நடக்கிறது. பழைய இலைகளைப் பிடுங்க வேண்டாம், பச்சை மிச்சமிருக்கும்வரை அவையும் செடிக்குச் சமைத்துப் போடுகின்றன.

மார்ச் 16
பிப்ரவரி 12ஆம் தேதி வேப்பெண்ணெய் 5 மி.லி. என்று எழுதினேன், எவ்வளவு நீருக்கு என்று எழுதவில்லை. ஒரு லிட்டருக்கு. ஒருவர் பத்து லிட்டர் தெளிப்பானில் 5 மி.லி. ஊற்றி ஒரு மாதமாகத் தெளித்துவருகிறாராம். செடிக்கு எந்தக் கேடும் இல்லை என்று மகிழ்ச்சியோடு எழுதியிருக்கிறார். செம்பேனுக்கும் இருந்திருக்காது.